நாங்க, நாம

அண்ணனும் தம்பியும் என் எதிரே வந்து உட்கார்ந்து ஒரு மணி நேரம் தாண்டிவிட்டது. அப்பா தொடங்கிய அச்சகத்தைப் பிரித்துக்கொள்வது பற்றிய பேச்சு. நான் சமரசர், இரண்டு தரப்புக்கும் நடுவே உட்கார்ந்து பேச வைப்பவள். (இங்கே வருபவர்களை யாரும் அடையாளம் கண்டுவிடக் கூடாது என்பதற்காக உறவு, தொழில், சூழல் எல்லாவற்றையும் மாற்றியிருக்கிறேன்.) எந்த இயந்திரம் யாருக்கு, பாக்கி வைத்திருக்கும் வாடிக்கையாளர்களிடம் யார் வசூலிப்பது என்று பேச்சு ஓரளவு ஒழுங்காகவே போய்க்கொண்டிருந்தது. திடீரென்று தம்பி நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "சரி, நீங்களே எல்லாத்தையும் வச்சுக்கோங்க" என்றார்.

எழுத்தில் பார்த்தால் இது விட்டுக்கொடுப்பதுபோல இருக்கும். ஆரம்ப காலத்தில் நானாக இருந்திருந்தால் உடனே குறிப்பேட்டில் எழுதத் தொடங்கியிருப்பேன். ஆனால் அந்த ஒரு மணி நேரமும் அண்ணனை 'நீ' என்றே பேசிவந்தவர் அவர். 'நீங்க' என்ற சொல் விழுந்ததும் அண்ணனின் தாடை இறுகியது. நெருங்கியவர்களுக்குள் 'நீ' திடீரென்று 'நீங்க' ஆனால் அங்கே மரியாதை கூடவில்லை, உறவு தள்ளிப் போகிறது. நம் வீட்டுச் சண்டையில் இது நமக்கு நன்றாகவே தெரியும். அடுத்தவர் சண்டையில் நடுவே உட்காரும்போது மறந்துவிடுகிறோம். அப்போது நம் காது முழுக்கக் கணக்கில் இருக்கிறது.

பேனாவைக் கீழே வைத்தேன். "கொஞ்சம் நிறுத்திக்கலாம். அண்ணன் இப்போ பேசினதுல எந்த வார்த்தை உங்களைத் தச்சுது?" என்று தம்பியிடம் கேட்டேன். பதில் உடனே வரவில்லை. மேசை விளிம்பை விரலால் தேய்த்துக்கொண்டே இருந்தவர், பிறகு சொன்னார்: "'நான் ஒருத்தன்தான் தாங்கிப் புடிச்சேன்'னு அண்ணன் சொல்றான். அப்போ நான் எங்க போயிருந்தேன்?"

அன்றைக்கு அந்த அறையில் நடந்த உண்மையான பேச்சு அங்கேதான் தொடங்கியது.

பல வருடங்களாக இந்த வேலையைச் செய்கிறேன். பயிற்சியில் கட்டங்களைச் சொல்லித் தருவார்கள்: அறிமுகம், இரண்டு தரப்பும் தங்கள் கதையைச் சொல்வது, பிரச்சினைகளைப் பட்டியலிடுவது, வழிகளைத் தேடுவது, ஒப்பந்தம் எழுதுவது. அதெல்லாம் தேவைதான், ஒரு வாரத்தில் கற்றுக்கொள்ளவும் முடியும். ஆனால் ஒருவர் ஒரு வாக்கியத்தைச் சொல்லி முடித்த அடுத்த நொடியில் நான் என்ன செய்கிறேன் என்பதில்தான் வேலையே இருக்கிறது. அதைக் கற்றுக்கொள்ள எனக்கு வருடங்கள் பிடித்தன. அதில் சிலவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் மௌனம். 2009ஆம் ஆண்டு வெளிவந்த ஓர் ஆய்வு, உலகின் பத்து மொழிகளில் மக்கள் பேசுவதைப் பதிவுசெய்து ஒப்பிட்டது. கேள்வி முடிவதற்கும் பதில் தொடங்குவதற்கும் நடுவே உள்ள இடைவெளி சராசரியாக 0.2 நொடிதான். கண் சிமிட்டும் நேரம்தான் அது. அப்படிப் பழகிய நமக்கு மூன்று நொடி அமைதி என்பது மூச்சுமுட்டுகிற விஷயம். யாராவது பேசி அதை நிரப்பிவிட வேண்டும் என்று உடம்பே துடிக்கும். சமரசருக்கும் அப்படித்தான். நான் அந்த நேரத்தில் என் மூச்சை எண்ணுவேன். மூன்று மூச்சு வரை வாயைத் திறப்பதில்லை.

ஒருவர் முதலில் சொல்லும் பதில், ஏற்கெனவே பத்துப் பேரிடம் சொல்லிப் பழகியது. சொந்தக்காரர்களிடம், நண்பர்களிடம், வக்கீலிடம் சொல்லிச் சொல்லி வழவழப்பாகிவிட்ட பதில். அதற்குப் பிறகு அமைதியாக இருந்தால் இரண்டாவதாக ஒன்று வரும். தடுமாறிக்கொண்டு, வாக்கியமாகக்கூட இல்லாமல் வரும். அதை அவர் யாரிடமும் சொல்லியிருக்க மாட்டார். எனக்கு வேண்டியது அதுதான். அந்த நேரத்தில் அவர் முகத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது, அது குறுக்கு விசாரணைபோல ஆகிவிடும். எதிர்த் தரப்பைப் பார்த்தாலும் 'உங்கள் பதில் என்ன' என்று கேட்பதுபோல இருக்கும். நான் மேசையில் இருக்கும் தாளைப் பார்ப்பேன். ஆனால் ஒன்று: எதிரே இருப்பவர் மிரண்டு போயிருந்தால் இந்த மௌனம் உதவாது, அவரை இன்னும் நசுக்கும். அங்கே சிறிய, எளிதான கேள்வி ஒன்றைக் கேட்டுவிடுவது நல்லது.

அப்புறம் 'ஆமா'. சாதாரணப் பேச்சில் ஒருவர் சொல்வதைக் கேட்கும்போது 'ஆமா, ஆமா' என்று தலையாட்டுகிறோம், கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்பதற்கு அடையாளமாக. சமரச அறையில் அது கேட்பதன் அடையாளம் அல்ல, ஒத்துக்கொள்வதன் அடையாளம். ஒருமுறை, பக்கத்து வீட்டுக்காரர்கள் இருவருக்கிடையிலான தகராறில், நான் சொன்ன நான்கு 'ஆமா'க்களை எதிர்த் தரப்புக்காரர் எண்ணி வைத்திருந்தார். "அவங்க பேசும்போது நாலு தடவை ஆமா சொன்னீங்க, எனக்கு ஒண்ணுகூடச் சொல்லல" என்றார். அவர் சொன்னது உண்மை. அன்றிலிருந்து 'ம்' என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். தலையாட்டுவதும் இல்லை, தலையைக் கொஞ்சம் சாய்த்துக் கேட்பேன். 'ம்' எந்தப் பக்கமும் சேராது.

எனக்கு மிகவும் வலித்த பாடம் இரண்டு சகோதரிகளிடம் கற்றது. அம்மாவின் கடைசி ஆறு வருடங்கள் அக்காதான் கூட இருந்து பார்த்துக்கொண்டவர். தங்கை தொலைவில் வேலையில் இருந்தார், மாதாமாதம் பணம் அனுப்பினார். அம்மா போன பிறகு வீட்டைப் பற்றிய பேச்சு முற்றி, என்னிடம் வந்தார்கள். அக்கா தன் பக்கத்தைச் சொல்லும்போது குரல் உயராமல், யாரையும் குறை சொல்லாமல், "அந்த வீட்ல நான் சம்பளம் இல்லாத ஆளா இருந்தேன்" என்றார்.

நான் சொன்னேன்: "உங்களுக்கு ரொம்ப வருத்தமா இருந்திருக்கு."

எதிரே இருப்பவரின் உணர்வை எடுத்துச் சொல்லுங்கள் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். அதைத்தான் செய்தேன். அவர் "ம், ஆமா" என்றார். அதற்குப் பிறகு அன்று முழுவதும் கேட்டதற்கு ஒரு வார்த்தை, இரண்டு வார்த்தை பதில்தான். எதுவும் முடிவாகாமலே எழுந்தோம். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே அவர் என்னிடம் சொன்னார்: "வருத்தம்னு நான் சொல்லவே இல்லையே மேடம்."

அதை இன்றுவரை நினைத்துப் பார்க்கிறேன். 'சம்பளம் இல்லாத ஆள்' என்பதில் எவ்வளவு இருந்தது! அங்கே ஒரு வேலை நடந்தது, அதற்கு ஒரு அளவு உண்டு, அது எந்தக் கணக்கிலும் ஏறவில்லை, தான் அந்த வீட்டு மகளாக இல்லாமல் ஆளாகிப்போனேன் என்று எல்லாமே அந்த ஒரு சொல்லில் இருந்தது. தங்கை பதில் சொல்லக்கூடிய ஒன்றும் அதில் இருந்தது. 'அக்கா என்னவெல்லாம் செய்தாய்' என்று அவர் கேட்டிருக்க முடியும். நான் அதை 'வருத்தம்' ஆக்கியதும் பேச்சு போய்ச் சேர வேறு இடமே இல்லாமல் போனது. வருத்தத்துக்கு ஆறுதல்தான் சொல்ல முடியும். அவர் ஆறுதல் கேட்டு வரவில்லை.

இப்போது ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். ஒருவர் தன்னைப் பற்றிச் சொல்லும் சொல்லை மாற்றாமல் அப்படியே திருப்பிக் கொடுப்பேன். "'சம்பளம் இல்லாத ஆள்'னு சொன்னீங்க" என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்வேன். மீதியை அவரே சொல்வார். ஆனால் எதிரே இருப்பவர்மேல் வீசும் சொல்லை அப்படியே திருப்பிக் கொடுக்க மாட்டேன். "இவன் திருடன்" என்றால் 'திருடன் என்கிறீர்கள்' என்று நானும் சொன்னால் ஏச்சு இரண்டு தடவை விழுந்ததாகிவிடும். "பணம் எங்க போச்சுன்னு உங்களுக்குத் தெரியல. அது தெரியணும்னு நினைக்கிறீங்க" என்பேன். அந்த ஏச்சுக்குள் இருக்கும் தேவையை மட்டும் எடுத்து மேசைமேல் வைப்பது அது. தவறாக எடுத்துவிட்டேன் என்றால் அவர் உடனே திருத்துவார். திருத்தட்டும், திருத்தும்போது இன்னும் தெளிவாகச் சொல்வார். 'சரியாச் சொல்றேனா?' என்று கேட்பதைவிட, சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பார்ப்பது எனக்குப் போதுமாக இருக்கிறது.

'ஏன்' என்ற கேள்வியை நான் கிட்டத்தட்ட விட்டுவிட்டேன். 'ஏன் அப்படிப் பண்ணீங்க' என்று எவ்வளவு மெதுவாகக் கேட்டாலும் அது வகுப்பில் எழுந்து நிற்க வைத்துக் கேட்பதுபோலத்தான் காதில் விழும். பதிலாக வருவது காரணம் அல்ல, சாக்கு. 'அன்னிக்கு என்ன நடந்துச்சு', 'அதுக்கு முன்னால என்ன பேசினீங்க' என்று கேட்டால் அதே காரணம் தானாக வரும்.

சொற்களின் இந்த நுணுக்கத்தை வெளியிலிருந்து ஆராய்ந்தவர்களும் இருக்கிறார்கள், அவர்களிடமிருந்து நிறைய எடுத்துக்கொண்டிருக்கிறேன். 2007இல் ஜான் ஹெரிடேஜும் அவருடைய சகாக்களும் மருத்துவர்களின் பேச்சை ஆராய்ந்தார்கள். நோயாளி வந்த காரணத்தைச் சொன்னதும் மருத்துவர் 'வேறு ஏதாவது உண்டா' என்ற தொனியில் கேட்டபோது, சொல்லாமல் விட்டது பெரிதாக வெளியே வரவில்லை. 'இன்னும் ஒன்று இருக்கும், சொல்லுங்கள்' என்ற தொனியில் கேட்டபோது, சொல்லாமல் விடப்படும் கவலைகளில் 78 சதவீதம் வெளியே வந்துவிட்டது. ஆங்கிலத்தில் அது ஒரே ஒரு சொல்லின் வித்தியாசம். நம்மிடமும் அது உண்டு. "வேற ஏதாவது இருக்கா?" என்று பைலை மூடிக்கொண்டே கேட்டால், எதிரே இருப்பவர் கிளம்பத் தயாராகிவிடுவார். "இன்னும் என்ன இருக்கு, சொல்லுங்க" என்று பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டால் வருவது வேறு. பலமுறை, முக்கியமான விஷயமே அந்த இரண்டாவது கேள்விக்குப் பிறகுதான் வந்திருக்கிறது.

எலிசபெத் ஸ்டோகோ என்ற ஆய்வாளர் பிரிட்டனில் சமரச மையங்களுக்கு வரும் தொலைபேசி அழைப்புகளை ஆராய்ந்தவர். முதல் அழைப்பிலேயே பலர் நழுவிப் போய்விடுகிறார்கள். 'நாங்கள் யார் பக்கமும் சேர மாட்டோம்' என்று விளக்கியதும் அவர்களுக்கு ஆர்வம் போய்விடுகிறது, அவர்கள் தேடி வந்ததே தங்கள் பக்கம் நிற்கும் ஒருவரைத்தான். அவர் கவனித்த இன்னொன்று: தயங்குபவரிடம் 'பேசிப் பார்க்கத் தயாராக இருக்கிறீர்களா' என்று கேட்டால் 'சரி' என்று வரும் வாய்ப்பு கூடுகிறது. அதற்குக் காரணம் இருக்கிறது. அதுவரை அவர் 'எதிராளி எதற்கும் ஒத்துவராத ஆள்' என்றுதானே சொல்லிக்கொண்டிருந்தார், இப்போது தானே தயாரில்லை என்று எப்படிச் சொல்வார்? "உங்களால வர முடியுமா?" என்று கேட்டுக்கொண்டிருந்த நான் "உட்கார்ந்து பேசத் தயாரா இருக்கீங்களா?" என்று மாற்றிக்கொண்டேன். நேரம் இல்லை, வேலை இருக்கிறது என்ற பதில்கள் வெகுவாகக் குறைந்தன.

'சரி' என்ற சொல்லைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மேசையில் விழும் சொற்களில் என்னை அதிகம் ஏமாற்றியது அதுதான். ஒத்துக்கொள்ளும் சரி உண்டு. அலுத்துப்போன சரி உண்டு. 'நீங்கள் பேசுவதை நிறுத்தினால் போதும்' என்ற சரி உண்டு. முதலாவது கொஞ்சம் தாமதமாக வரும், அதற்குப் பின்னால் ஒரு கேள்வியும் வரும்: "சரி, அப்போ சாவி என்னிக்குக் குடுப்பீங்க?" மற்ற இரண்டும் சட்டென்று வரும், அதோடு முடிந்துவிடும். சந்தேகம் வந்தால், "நாளைக்குக் காலைல இதுல முதல்ல என்ன செய்வீங்க?" என்று கேட்பேன். உண்மையாக ஒத்துக்கொண்டவர் உடனே சொல்லத் தொடங்குவார். மற்றவர் விழிப்பார். விழித்தால் ஒப்பந்தம் இன்னும் ஆகவில்லை, திரும்பப் பேச வேண்டும். மணி எத்தனை ஆனாலும் சரி.

இரண்டு பேரையும் ஒரே அறையில் வைத்துப் பேசுவதா, தனித்தனியாகவா என்பது எங்களுக்குள் முடியாத விவாதம். 1978 செப்டம்பரில், அமெரிக்க அதிபரின் ஓய்வில்லமான கேம்ப் டேவிட்டில், சமாதானம் பேச எகிப்து அதிபர் சதாத்தையும் இஸ்ரேல் பிரதமர் பெகினையும் அமெரிக்க அதிபர் கார்ட்டர் 13 நாட்கள் வைத்துப் பேசினார். முதல் சில நாட்கள் நேருக்கு நேர் உட்கார வைத்ததில் நிலைமை மோசமானது. அதன் பிறகு அவர் இருவரையும் பிரித்துவைத்து, ஒரே வரைவை எடுத்துக்கொண்டு இங்குமங்குமாகப் போய்வந்தார். கடைசி நாளில் பெகின் கிளம்பிவிடும் நிலை. கார்ட்டர் மூன்று தலைவர்களும் சேர்ந்திருக்கும் புகைப்படங்களில் பெகினுடைய பேரப்பிள்ளைகள் ஒவ்வொருவரின் பெயரையும் எழுதிக் கையெழுத்திட்டு எடுத்துப் போனார். பெகின் அந்தப் பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தார், குரல் தழுதழுத்தது. பேச்சு மறுபடி தொடர்ந்தது. அந்தப் படங்களால் மட்டும் ஒப்பந்தம் வந்துவிடவில்லை, அதற்கு முன்னால் 12 நாள் உழைப்பு இருந்தது. ஆனால் இந்த மனிதருக்கு இந்த நேரத்தில் எது நினைவுக்கு வர வேண்டும் என்று ஒருவர் யோசித்திருக்கிறார் என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

தனியாகப் பேசும்போது நான் விடாமல் செய்வது ஒன்று. எழுந்திருக்கும் முன், "இதுல எதை நான் அங்க சொல்லலாம்?" என்று கேட்பேன். எதைச் சொல்லக் கூடாது என்று கேட்பதில்லை. அவர் குறிப்பாகச் சொல்லி அனுமதித்ததைத் தவிர எல்லாமே ரகசியம். அனுமதித்த வரிகளுக்குப் பக்கத்தில் அவர் கண்முன்னாலேயே ஒரு புள்ளி வைப்பேன். மறு அறையில் இருப்பவருக்குக் காத்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும் சந்தேகம்தான், அதனால் நேரம் நீண்டால் கதவைத் தட்டி, இன்னும் எவ்வளவு ஆகும் என்று சொல்லிவிட்டுத் திரும்புவேன்.

பயத்தைப் பார்த்துவிட்டால் எல்லா நுணுக்கத்தையும் ஒதுக்கிவைக்க வேண்டும். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லும் முன் ஒருவர் ஒவ்வொரு முறையும் மற்றவர் முகத்தைப் பார்க்கிறார் என்றால், மற்றவர் நாற்காலியை நகர்த்தினாலே தோள் சுருங்குகிறது என்றால், அது சமரசத்துக்கான இடம் அல்ல. இரண்டு பேராலும் 'முடியாது' என்று சொல்ல முடிகிற இடத்தில்தான் நான் வேலை செய்ய வேண்டும். அப்படி இல்லாத இடத்தில் என் திறமை ஒருவருடைய மிரட்டலுக்குக் கருவியாகிவிடும். உடனே தனித்தனியாகப் பேசி, சந்தேகம் உறுதியானால் அமர்வை நிறுத்திவிடுவேன். அவருக்குத் தேவையான பாதுகாப்பை வேறு யார் தர முடியுமோ அவர்களிடம் அவரைச் சேர்ப்பேன்.

சரி, அந்த அச்சகத்துக்கு வருகிறேன்.

முதல் நாள் முழுவதும் இருவருமே 'நாங்க' என்றுதான் பேசினார்கள். அண்ணனின் 'நாங்க' என்றால் அவரும் அவர் மனைவியும் பிள்ளைகளும். தம்பியின் 'நாங்க'வும் அப்படியே. 'நாங்க எவ்வளவு பட்டோம் தெரியுமா' என்று ஒருவர் சொல்லும்போதே மற்றவர் வெளியே தள்ளப்படுகிறார். எதிரே இருப்பவரையும் சேர்த்துக்கொள்ளும் 'நாம' அங்கே ஒருமுறைகூட வரவில்லை. நானும் அதைத் திணிக்கவில்லை. 'நாம எல்லாரும் ஒண்ணுதானே' என்று சமரசர் சொல்லும் 'நாம'வுக்கு எந்த மதிப்பும் கிடையாது. அதற்காகக் காத்திருக்கத்தான் முடியும்.

மூன்றாவது அமர்வில் பட்டியலைக் கடைசியாகச் சரிபார்த்துக்கொண்டிருந்தோம். தம்பி விரலை வைத்து வரிகளை ஓட்டிவந்தவர் நிறுத்தி, "அப்பாவோட டிரெடில் இதுல இல்லையே. அதை நாம என்ன பண்றது?" என்றார்.

காலால் மிதித்து ஓட்டும் பழைய அச்சு இயந்திரம் அது. வருடக்கணக்காக ஓடவில்லை. விலை போகாது என்பதால் யாரும் பட்டியலில் சேர்க்கவில்லை. எனக்கு அந்த நொடியில் வாய் துடித்தது. 'பார்த்தீங்களா, நாமன்னு சொல்றீங்க' என்று சுட்டிக்காட்ட வேண்டும் என்ற ஆசை. சுட்டிக்காட்டியிருந்தால் அவர் அதை விழுங்கியிருப்பார். என் கால் பாதங்களைத் தரையில் அழுத்திக்கொண்டேன், தலையிட ஆசை வரும்போதெல்லாம் நான் செய்வது அது. நாற்காலியைச் சத்தமில்லாமல் கொஞ்சம் பின்னால் தள்ளினேன்.

"ஓடுமா அது?" என்றார் அண்ணன்.

"ரோலர் மாத்தினா ஓடும். ஃப்ளைவீல் நல்லாத்தான் இருக்கு."

"நீதான் ராத்திரி அதுல ஓட்டிக்கிட்டே இருப்ப. பரீட்சைக்குக்கூடப் படிக்காம." அண்ணன் தாளைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அந்த வருஷம் நீ ராத்திரி ஓட்டலேன்னா ஆர்டரே முடிஞ்சிருக்காது."

'நான் எங்க போயிருந்தேன்' என்று முதல் நாள் தம்பி கேட்ட கேள்விக்குப் பதில் அப்போதுதான் வந்தது. தம்பி ஒன்றும் சொல்லவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு பட்டியலில் அடுத்த வரிக்கு விரலை நகர்த்தினார். அதன் பிறகு மீதிக் கணக்கு இருபது நிமிடத்தில் முடிந்தது, பெரும்பாலும் என்னைப் பார்க்காமலே பேசிக்கொண்டார்கள்.

ஒப்பந்தத்தில் கடைசி வரியாக அந்த இயந்திரத்தைச் சேர்த்தேன். 'டிரெடில் இயந்திரம் இருதரப்பினருக்கும் பொதுவானது' என்று வாசித்துக் காட்டினேன்.

அண்ணன் கையைக் காட்டி நிறுத்தினார். "இருதரப்பு வேண்டாம் மேடம். 'எங்க ரெண்டு பேருக்கும்'னு எழுதுங்க."

இந்த 'எங்க' என்னை வெளியே விட்டுவிட்டுத் தம்பியை உள்ளே வைத்திருந்தது. அவர் சொன்னபடியே எழுதினேன்.